வண்டியிலிருந்து இறக்கியவை

விசிலடிக்கிற கெண்டி வண்டிக்குத் தேவையில்லை என்று சொன்னது நான்தான். அதை இப்போதும் மாற்றிச் சொல்ல மாட்டேன். அடுப்பில் தண்ணீர் வைத்ததை மறந்துவிட்டு வாசலில் போய்க் கதை பேசுகிறவர்களுக்கு விசில் வேண்டும். கையை நீட்டினால் அடுப்பு, காலை நீட்டினால் கதவு என்று ஒரு வேனுக்குள் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு, தண்ணீர் கொதிப்பது கண்ணுக்குத் தெரியாதா? அதனால் கெண்டியை இறக்கினேன்.

எதை இறக்கினேன், எதை வைத்தேன் என்று கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவர் மெதுவாகவே எழுதட்டும். வீட்டில் நான் அடுப்பில் எதையும் வைத்துவிட்டு வரவில்லை.

எங்கள் தெருவில் எனக்கு ‘ஜன்னலக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்வதைக் கேட்கத்தானே ஜன்னல் இருக்கிறது. மாடி முன்னறையில் என் நாற்காலி. எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஊருக்கெல்லாம் பல்லைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, தன் மனைவியிடம் ஏன் வாயே திறப்பதில்லை, முனைக் கடைக்காரர் யாருக்கு மட்டும் நல்ல தக்காளியாகப் பொறுக்கித் தருகிறார், எல்லாம் அங்கிருந்து தெரியும். நான் வம்பு பேசுகிறவள் இல்லை. கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால், பாவம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று நானாகச் சொல்வேன். அவ்வளவுதான்.

கீழ்வீட்டில் என் தம்பியும் அவன் மனைவியும். அப்பா அம்மா போன பிறகு அவனைக் கையில் பிடித்து வளர்த்தவள் நான். பள்ளிக்கு எந்தச் சட்டை, சளிக்கு எந்த மருந்து, எந்த வேலைக்குப் போவது, எல்லாம் என் வாய்ச்சொல்தான். பஸ் டிரைவராக அத்தனை வருடம் ஆயிரம் பேரை ஏற்றி இறக்கியவன், வீட்டில் ஒரு ஆணி அடிப்பதென்றால்கூட மாடிப்படியில் நின்று “அக்கா, இங்க அடிக்கலாமா?” என்று கேட்பான். கல்யாணத்தை மட்டும் என்னைக் கேட்காமல் செய்துகொண்டான். போகட்டும், மனிதன் என்றால் ஒரு தப்பு இருக்கும். அந்தத் தப்பு ஒரு தையல் மெஷினோடு வந்து சேர்ந்தது.

அவளைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்ல மாட்டேன். நன்றாகத் தைப்பாள். சிரிப்பாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். கீழே சிரித்தால் மாடியில் என் டம்ளரில் தண்ணீர் ஆடும். குளிர் மட்டும் தாங்க மாட்டாள். வெயில் காலத்திலும் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தைக்கிற ஒரு பெண்ணை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது. தம்பி நேர் எதிர். ஆயுள் முழுக்க டிரைவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவன். மூடிய அறையில் கொஞ்ச நேரம் வைத்தால் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிடுவான். ஒருவருக்குக் கதவைச் சாத்த வேண்டும், மற்றவருக்குத் திறக்க வேண்டும். இத்தனை வருடம் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்பது எனக்கே ஆச்சரியம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் ஓய்வில் என்ன செய்வான்? வண்டி ஓட்டப்போகிறேன் என்றான். ஒரு கேம்பர் வேன் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினான். படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளேயே. விற்றவர் ஒருநாள்கூட ஊர் சுற்றியவர் இல்லையாம். சாமான் வாங்குவதிலேயே ஆசை தீர்ந்துபோய் விற்றுவிட்டார். கதவைத் திறந்தால் ஒரு கடையே கொட்டியது.

“எப்படா திரும்பி வருவ?” என்று கேட்டேன்.

“தெரியலக்கா. வண்டி எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரம்.”

“அப்ப கீழ்வீடு?”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “வாடகைக்கு விட்டுட்டோம் அண்ணி. நல்ல பையன். டிரம்ஸ் கத்துக்கிறானாம்” என்றாள்.

அக்காவைக் கேட்காமல் எடுத்த இரண்டாவது முடிவு அது.

குளிர்ப் பிரதேசம் பக்கம்தான் முதலில் போகப்போகிறார்கள் என்பதால் அவளுக்காகக் கேஸ் ஹீட்டர் ஒன்று பொருத்தினார்கள். பொருத்த வந்த மெக்கானிக் நல்ல மனிதர். அன்று இவர்கள் இருவரும் துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்தார்கள். நான்தான் பக்கத்தில் நின்று காபி கொடுத்தேன். என் கையில் காபி வாங்கிக் குடித்தவர் யாரும் பதில் சொல்லாமல் தப்பியதில்லை. இது எதற்கு, அது எதற்கு, இதை மூடினால் என்ன ஆகும், அதைத் திறந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். என்ன சொன்னார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

புறப்பட வேண்டிய வாரத்தில் தம்பி வண்டியை லாரிகள் ஏறுகிற எடை மேடையில் கொண்டுபோய் ஏற்றிப் பார்த்தான். டிரைவர் புத்தி. அனுமதித்த எடைக்கு மேலே போயிருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்து, என் ஜன்னலுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தினான். உள்ளே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டியின் கூரை ஜன்னல் திறந்திருந்தது. என் ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும்.

“எதத்தான் எறக்கறது? எல்லாமே வேணும்போல இருக்கு” என்றான் தம்பி.

“மொதல்ல எறக்கி வைக்க வேண்டிய பாரம் மாடியிலதான உக்காந்திருக்கு” என்றாள் அவள்.

அவள் சிரித்தாள். அது பழகிப்போனது. என் தம்பியும் சிரித்தான். அதை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அவன் அப்படிச் சிரிப்பான் என்பதே எனக்குத் தெரியாது. சின்ன வயதில்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பான். நான் அப்படிப் பழக்கியிருந்தேன்.

கோபப்பட்டீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாளுக்கு உளுந்து ஊறப்போட்டேன். கோபப்படுகிறவள் உளுந்து ஊறப்போடுவாளா?

மறுநாள் காலை அவனே மாடிப்படியில் வந்து நின்றான். “அக்கா, நீ வந்து சொல்லுக்கா. எது வேணும், எது வேணாம்னு. எங்களால முடியல.” எங்கள் வீட்டில் எது இருக்கும், எது போகும் என்று சொல்வது எப்போதும் நான்தான். கழிக்கிற வேலைக்கு ஒரு கல்மனசு வேண்டும். அது அவனுக்குக் கிடையாது. பஸ்ஸிலிருந்து கழற்றிய உடைந்த கண்ணாடியைக்கூடக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பவன் அவன்.

எல்லாவற்றையும் வாசலில் இறக்கிப் பரப்பினோம். தெருவே கூடிவிட்டது. பல் டாக்டர் பிரஷ்ஷோடு வந்து நின்றார்.

“மடக்கு சைக்கிள்?” என்றான் தம்பி.

“உனக்கு முட்டி வலி. அவளுக்கு நேரா நடக்கவே வராது. யாரு ஓட்டப்போறா? எறக்கு.”

“அண்ணி, அந்த விளக்குச் சரமாவது இருக்கட்டும். ராத்திரியில வண்டி அழகா இருக்கும்.”

“அழகுக்குத்தான் நீ இருக்கியேம்மா. எறக்கு.”

பல் டாக்டர் நுரையோடு சிரித்தார். “அந்தக் கழிப்பறைப் பெட்டிய மட்டும் எறக்கிடாதீங்கக்கா. அப்புறம் வழியில யாரு வீட்டுக் கதவயாவது தட்டுவாங்க.”

“டாக்டர், நீங்க போய் வாயக் கொப்பளிங்க” என்றேன்.

பாருங்கள், நான் எவ்வளவு நியாயமாகத் தீர்ப்புச் சொன்னேன் என்று. கழிப்பறைப் பெட்டியை வைத்தேன். கரண்ட் அடுப்பை இறக்கினேன். சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டைகளை வைத்தேன், பள்ளத்தில் நிறுத்தினால் வேண்டும். பக்கவாட்டில் இழுத்து விரிக்கிற பந்தல் துணி நல்ல கனம். அதைக் கழற்றிவிடலாம் என்றான் தம்பி. கூடாது என்றேன். “மழையோ வெயிலோ, நீ வெளிய உக்காராம இருப்பியாடா? அது இருக்கட்டும்.” கனமான ஜன்னல் திரைகளை வைத்தேன், அவளுக்குக் குளிராதே. ஹீட்டரை வைத்தேன். அதுவும் அவளுக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள், நாத்தனார் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

மடக்கு நாற்காலி இரண்டு இருந்தது. ஒன்றை இறக்கினேன்.

“ஏன் அண்ணி, ரெண்டும் இருக்கட்டுமே.”

“குளிர்ல நீ எங்க வெளிய உக்காரப்போற? அவனுக்கு ஒண்ணு போதும்.”

இதிலும் யாரும் தவறு காண முடியாது.

கடைசியாக வந்தது அந்த வெள்ளை டப்பா. உள்ளங்கை அளவு. ஹீட்டருக்கு எதிரே மெக்கானிக் திருகி வைத்துவிட்டுப் போனது. எடை என்று பார்த்தால் ஒரு தேங்காய்மூடிகூட இருக்காது. நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், எடையைக் குறைக்க இறக்கினீர்கள் என்றால் அதை எதற்கு இறக்கினீர்கள் என்று. நான் எடைக்காக இறக்கினேன் என்று ஒருபோதும் சொல்லவில்லையே. முதல்நாள் அவள் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பையும் ஹீட்டரையும் ஏற்றிப் பார்த்தபோது அது தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது. தம்பி பயந்துபோய்த் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டான். அதனால் நான் திருகாணியைக் கழற்றி அதை என் மடியில் போட்டுக்கொண்டேன்.

“அக்கா, அந்த டப்பா?”

“கோளாறு போலடா, சும்மா சும்மா கத்துது. வண்டிக்குள்ள உன் பொண்டாட்டி ஒருத்தி கத்தறது போதாதா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தம்பி சிரித்துக்கொண்டே திருகாணி இருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் தடவிவிட்டான். அக்கா சொன்னால் சரியாக இருக்கும்.

இறக்கியது மட்டுமில்லை, நான் கொடுத்தும் அனுப்பினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நியாயம் என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். கதவு, கூரை இடுக்குகளில் காற்று புகாமல் ஒட்டுகிற ரப்பர் பட்டை வாங்கி வந்து நானே ஏணி போட்டு ஒட்டினேன். தரைக்குத் தடிமனான கால்மிதி ஒன்று, அளவெடுத்து வெட்டி விரித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்கள நான் தப்பா நெனச்சிட்டேன் அண்ணி” என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் குனிந்து கால்மிதியின் ஓரத்தை அமுக்கிவிட்டேன்.

போனார்கள். தினமும் போனில் பேசுவான் தம்பி. மலை, ஏரி, பாலம் என்று சொல்வான். ராத்திரி ஹீட்டரை அணைத்து ஜன்னலைத் திறந்தால்தான் தனக்குத் தூக்கம் வருகிறது என்பான். நான் தெருவைப் பற்றிச் சொல்வேன். டிரம்ஸ் பையன் கீழே அடிக்கிற அடியைப் பற்றியும் சொல்வேன். ஒருநாள், “அவளுக்குத் தலை வலிக்குதாம்க்கா. வாந்தி வேற. ரெண்டு நாளா இப்படித்தான். திரும்பிடலாமான்னு பாக்கறேன்” என்றான்.

திரும்பிவிடலாமா என்று அவன் வாயாலேயே கேட்டான். ஆமாம், வா என்று சொல்லியிருக்கலாம். நான் ஆசைப்பட்டது அதற்குத்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் திரும்பினால் இருவரும் அல்லவா திரும்புவார்கள்?

“பயணக் களைப்புடா. கதவச் சாத்தி, ஹீட்டரப் போட்டு, இழுத்துப் போத்திப் படுக்கச் சொல்லு. வேர்த்துட்டா சரியாயிடும்” என்றேன்.

பின்னால் அவள் குரல் கேட்டது. “உங்க அக்கா டாக்டருக்கு எப்ப படிச்சாங்க? நான் வெளிய கொஞ்சம் நடந்துட்டு வரேன்.” நடந்துவிட்டு வந்ததும் தலைவலி போய்விட்டதாம். மறுநாளிலிருந்து பகலில் அவள் உள்ளே இருப்பதே இல்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு பந்தல் துணிக்குக் கீழே, அந்த நாற்காலியில். அதே நாற்காலியில்.

சொன்ன பேச்சைக் கேட்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது. நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்த குறை அதுதான். என் தம்பி அப்படி இல்லை.

அன்று மதியம் அவன் கூப்பிட்டான். தூறலாம். மூக்கடைத்த குரல்.

“சளி புடிச்சிருச்சுக்கா. தும்மித் தும்மி முடியல. அவ வெளிய நாற்காலியில உக்காந்து ஏதோ தைச்சிட்டு இருக்கா. இன்னொரு நாற்காலி இருந்தா நானும் அங்கயே உக்காந்திருப்பேன்” என்று சிரித்தான். “சரி, நான் கொஞ்ச நேரம் படுக்கறேன். நீ சொன்ன மாதிரியே எல்லாத்தையும் சாத்தி ஹீட்டரப் போட்டுட்டேன்.”

கீழே டிரம்ஸ் பையன் அடித்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டில் பல் டாக்டர் தன் காரைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்ட வீட்டு வேலை.

“அக்கா, இருக்கியா?”

கதவைத் திற என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். ஏன் என்று அவன் கேட்பான். அவன் என்னை ஏன் என்று கேட்டதே இல்லைதான், ஆனால் அன்று கேட்டிருப்பான். நான் காரணம் சொல்ல வேண்டும். அதை அவன் அவளிடம் சொல்வான். அவள் புரிந்துகொள்வாள். பிறகு அந்த வண்டியில் அவர்கள் இருவரும் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டே ஆயுள் முழுக்க ஊர் சுற்றுவார்கள். அதை என்னால் தாங்க முடியாது. தாங்க முடியாததைச் செய் என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது.

“இருக்கேன்டா” என்றேன். “காதையும் சேத்து நல்லா போத்திக்கோ.”

“சரிக்கா” என்றான்.

தேநீர் வேளைக்கு அவள் உள்ளே போயிருக்கிறாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

இப்போது மெக்கானிக் சொன்னதைச் சொல்கிறேன். நீங்கள் அவரையும் கூப்பிட்டு விசாரித்திருப்பீர்கள். ஆனாலும் என் வாயால் வருவது உங்களுக்கு முக்கியம் போலிருக்கிறது. அவர் காபியை ஊதிக்கொண்டே சொன்னார். “இந்த ஹீட்டர் எரியறதுக்குக் காத்து வேணும்க்கா. அதுக்குத்தான் தரையில இந்த ஓட்டை, கூரையில அந்த இடுக்கு. ரெண்டையும் அடைக்கவே கூடாது. அடைச்சா ஒரு விஷக் காத்து சேரும். வாசனை கிடையாது, நெறம் கிடையாது. தூங்கறவங்க தூங்கிட்டே இருப்பாங்க. அது சேர்ந்தா கத்தறதுக்குத்தான் இந்த டப்பா. வண்டியில இருக்கற சாமான் அத்தனையும் தூக்கிப் போட்டாலும் பரவாயில்ல, இது ஒண்ண மட்டும் போட்டுடாதீங்க.”

இதைத் தம்பியிடமும் சொல்லிவிடும்படி சொன்னார். சொல்கிறேன் என்றேன்.

ஆமாம். தரை ஓட்டைக்கு அளவெடுத்துத்தான் கால்மிதியை வெட்டினேன். கூரை இடுக்கில் ரப்பரைத் தெரிந்தேதான் ஒட்டினேன். டப்பாவைக் கழற்றியதும் தெரிந்தேதான். அவளுக்காகச் செய்தேன். ஆனால் என் தம்பியை நான் கொன்றேன் என்று நீங்கள் எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். அவனுக்கு நான் பந்தல் போட்டு, நாற்காலி வைத்து அனுப்பினேன். அதில் அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். விசாரிக்க வேண்டியவள் அவள். அடுத்தவர் நாற்காலியில் உட்காருகிறவளை விட்டுவிட்டு, ஜன்னலோரம் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைக் கூட்டி வந்திருக்கிறீர்கள். உங்கள் சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நிற நூலில் தைத்திருக்கிறது. வீட்டில் யாரும் கவனிப்பதில்லை போலிருக்கிறது.

அந்த டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று நீங்கள் வீட்டுக்கு வந்து கேட்டபோது சொன்னேனே, அது பொய். உங்கள் ஆட்கள் தேட வேண்டாம், வீட்டைத் தலைகீழாக்கிவிடுவார்கள். மாடிப் படுக்கையறையில், என் தலைமாட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. நானும் குளிருக்கு ஹீட்டர் போடுகிறவள்தானே. அவர்கள் புறப்பட்டுப் போன அன்றே, அந்தத் திருகாணியையே போட்டு முடுக்கினேன். அவ்வப்போது பொத்தானை அழுத்திப் பார்ப்பேன், நன்றாகத்தான் கத்துகிறது.

நல்ல பொருளைத் தூக்கிப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.